அந்த ஊசியில் என்ன இருந்தது? தடகளப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, குடியரசு தினப் போட்டி என்று ஏதாவது ஒரு மைதானத்தில் ஒரே வேப்பமர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்திருக்கிறோம். என் பிள்ளைக்கு ஸ்பைக்ஸ் கிழிந்துபோன அன்று, தன் பிள்ளையின் ஸ்பைக்ஸைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னவர்கள் உங்களில் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். ஊக்கமருந்தைப் பற்றி அமைச்சகத்துக்கும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவுக்கும் தடகள சம்மேளனத்துக்கும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நமக்குள் நாம் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போன தை மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று "டீச்சர்" என்று கூப்பிட்டாள். யாரோ ஒரு பையன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். அவளைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. உட்காரவைத்து காபி போட்டுக் கொடுத்தேன். இப்போது அவளுக்கு 23 வயது. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். போனில் பேசினால் மறுமுனையில் இருப்பவர்கள் "சார், சார்" என்கிறார்கள், அதனால் கடை போனை எடுப்பதையே விட்டுவிட்டேன் என்றாள்.

16 வயதில் அவள் 400 மீட்டரை 61.8 விநாடியில் ஓடினாள். அதுவும் எங்கள் பள்ளியின் மண் டிராக்கில், மழை பெய்தால் ஒரு வாரத்துக்கு ஓட முடியாத டிராக்கில் பயிற்சி எடுத்து. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கடைசி 80 மீட்டரில் மற்ற பிள்ளைகளுக்குத் தோள் இறுகும், தலை பின்னால் போகும். இவளுக்கு அப்படி ஆகாது. அதைப் பார்த்துத்தான் அவளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு மாநிலப் போட்டியில் ஒரு பயிற்சியாளருக்கும் அது தெரிந்தது. "இந்தப் பொண்ண என்கிட்ட விடுங்க மேடம், ரெண்டு வருஷத்துல நேஷனல் மெடல்" என்றார். அவள் என்னிடம்தான் வந்து கேட்டாள், போகட்டுமா டீச்சர் என்று. போ என்றேன். தயங்கிய அம்மாவிடமும் நான்தான் போய்ப் பேசினேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு மீட்டில் அவளைப் பார்த்தேன். 56.4. என் கையிலிருந்த வாட்சை இரண்டு தடவை பார்த்தேன். தோள் அகன்றிருந்தது. முகம் முழுக்கப் பரு. தாடையோரம் பூனைமுடி கறுத்திருந்தது. குரல் உடைந்திருந்தது. "தொண்ட கட்டியிருக்கு டீச்சர்" என்றாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, அவள் முதுகில் தட்டிக்கொடுத்து, ஊருக்கு வந்து எல்லாரிடமும் அந்த டைமிங்கைப் பெருமையாகச் சொன்னேன்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஏனென்றால் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். 400 மீட்டரில் ஒரு விநாடியைக் குறைக்க ஒரு பிள்ளை எவ்வளவு பாடுபட வேண்டும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? நல்ல டிராக், நல்ல சாப்பாடு, முறையான ஜிம் எல்லாம் முதல் தடவையாகக் கிடைக்கிற கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் இரண்டு விநாடி குறையலாம். மூன்றுகூடக் குறையலாம். ஏழு மாதத்தில் ஐந்தரை விநாடி குறைந்து, கூடவே குரலும் உடைந்தால் அது என்னவென்று கேட்க ஒரு ஆய்வகம் வேண்டுமா? நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த 56.4 போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். அந்தப் பயத்தைப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சீசனில் அவளுக்குப் பின்தொடைத் தசை கிழிந்தது. தசை வளர்ந்த வேகத்துக்கு அதை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாண் வலுப்பெறவில்லை. தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கு இது நடக்கக்கூடியதுதான் என்று பிற்பாடு ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். ஊருக்கு வந்து படுத்திருந்த மூன்று மாதமும் அந்தப் பயிற்சியாளர் அவள் போனை எடுக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போடுவாராம். "சத்து ஊசி, பி காம்ப்ளெக்ஸ்" என்று சொல்வாராம். யாரும் எதுவும் கேட்டதில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவள் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. அவள் ஓடிய அளவிலான போட்டிகளுக்குச் சிறுநீர் மாதிரி எடுக்க யாரும் வந்ததே இல்லை. அதனால் அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. 2023ல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டு 213 மாதிரிகளில் ஊக்கமருந்து இருந்தது என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா சொன்னது. நூற்றுக்கு 3.8. அந்த வருடம் ஐயாயிரத்துக்கு மேல் மாதிரி எடுத்த நாடுகளில் இதுதான் மிக மோசமான விகிதம். 2024ல் 7,113 மாதிரிகளில் 260. பத்து வருடக் காலத்தில் பிடிபட்ட, 18 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பற்றி வாடா வெளியிட்ட ஆய்வில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம் நமக்கு. பத்திரிகையில் இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் இதில் சேராதவள் ஒருத்தி பில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

2023 செப்டம்பரில் டெல்லியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நேரு ஸ்டேடியத்தில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. கழிவறையில் ஊசிகள் கிடந்த வீடியோ பரவியது. நாடா அதிகாரிகள் வந்து நின்றார்கள். ஆண்கள் 100 மீட்டர் ஃபைனலுக்கு ஒரே ஒருவர்தான் வந்து ஓடினார். மற்ற ஏழு பேரும் தசைப்பிடிப்பு, காயம் என்று விலகிவிட்டார்கள். இது பெரிய செய்தியானது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது இன்னொன்று. ஜூனியர் ஸ்டீபிள்சேஸில், அதாவது தடை தாண்டி ஓடும் நீண்ட ஓட்டத்தில், ஓடி முடித்த ஒரு பிள்ளை கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, மாதிரி எடுக்க வந்த அதிகாரி அதன் பின்னால் ஓட வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தார்கள். ஓடி முடித்த பிள்ளை எங்கே ஓடி வரும் என்று நமக்குத் தெரியும். மூச்சு வாங்க வாங்க நம்மிடம்தான் வரும். "டைமிங் என்ன சார்?" என்று கேட்கும். தண்ணீர் பாட்டிலை நீட்டுவோம். அந்த இடத்தை விட்டு ஒரு பிள்ளை வேறு பக்கம் ஓட வேண்டிய நிலை வந்திருக்கிறது என்றால், அதற்கு நாம் எல்லாரும் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மருந்துகள் பெண்பிள்ளைகளின் உடம்பில் என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம்மில் ஆண்கள் அதிகம். பெண்பிள்ளைகளும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள். ஸ்டானோசோலால், மெத்தாண்டியனோன், நான்ட்ரோலோன், எந்தப் பெயரில் வந்தாலும் அடிப்படையில் அது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் செயற்கை வடிவம். 1988ல் சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் மாதிரியில் இருந்த அதே ஸ்டானோசோலால்தான் இன்றைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் மாதிரிகளில் வருகிறது. பெண்ணின் உடம்பில் அந்த ஹார்மோன் இயல்பாகவே மிகக் குறைவு. அதனால்தான் வெளியிலிருந்து கொஞ்சம் போனாலும் டைமிங் அப்படிக் குதிக்கிறது. அதே காரணத்தால்தான் மற்றதெல்லாம் நடக்கிறது. மாதவிடாய் தள்ளிப் போகும், அப்புறம் நின்றுபோகும். பயிற்சி கடுமையாக இருந்தாலும் நிற்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும், சிலர் நிம்மதியாகக்கூட நினைப்பார்கள். குரல் நாண் தடித்துவிட்டால், மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. வளரும் வயதில் கொடுத்தால் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும், பிள்ளை அந்த உயரத்திலேயே நின்றுவிடும். மாத்திரையாகப் போனால் கல்லீரலைப் பாதிக்கும். நல்ல கொழுப்பைக் குறைத்து இதயத்துக்கும் தீங்கு செய்யும். பையன்களுக்கு மார்பு பெருக்கும், விந்தகம் சுருங்கும். இவ்வளவும் மருந்து அசலாக இருந்தால். கறுப்புச் சந்தையில் வாங்கிய குப்பிக்குள் லேபிளில் இருப்பதுதான் இருக்கிறது என்று உங்களில் யாராவது சத்தியம் செய்ய முடியுமா?

சத்து ஊசி என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் 1970களில் அரசாங்கமே ஒரு ரகசியத் திட்டம் வைத்திருந்தது. ஸ்டேட் பிளான் 14.25 என்று அதற்குப் பெயர். ஓரல்-டூரினபால் என்ற சின்ன நீல மாத்திரையைப் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் கொடுத்தார்கள். வைட்டமின் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிள்ளைகளும் நம்பிச் சாப்பிட்டார்கள், பதக்கங்கள் குவிந்தன. 1986ல் ஐரோப்பியச் சாம்பியன் ஆன குண்டு எறிதல் வீராங்கனை ஹைடி கிரீகர் அவர்களில் ஒருவர். பிற்பாடு பாலினம் மாறி ஆண்ட்ரியாஸ் ஆனார். தான் யார் என்று தானே கண்டுபிடிக்கும் வாய்ப்பை அந்த மாத்திரைகள் தன்னிடமிருந்து பறித்துவிட்டன என்று அவர் வெளிப்படையாகப் பேசினார். பெர்லின் சுவர் விழுந்து பத்து வருடம் கழித்து, 2000ல், பெர்லின் நீதிமன்றத்தில் விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மான்ஃபிரெட் எவால்டும் மருத்துவர் மான்ஃபிரெட் ஹோப்னரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நடுவயதுப் பெண்களாகிவிட்ட அந்தப் பழைய பிள்ளைகள் வந்து சாட்சி சொன்னார்கள். இருவருக்கும் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. யாரும் உள்ளே போகவில்லை. அந்தப் பெண்கள் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் யாராலும் முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2010ல் குவாங்சோ ஆசியப் போட்டியில் பெண்கள் 4x400 ரிலேயில் தங்கம் வாங்கினோம். அதற்கு முந்தைய மாதம்தான் டெல்லி காமன்வெல்த்திலும் அதே ரிலேயில் தங்கம். அன்றைக்குப் பள்ளியில் டிவி போட்டு எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்தேன். அடுத்த வருடம் ஆறு ஓட்டக்காரிகள் ஸ்டீராய்டுச் சோதனையில் சிக்கினார்கள். அந்தத் தங்க அணியின் நான்கு பேரில் மூன்று பேர் அதில் இருந்தார்கள். பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கி வந்து கொடுத்த ஜின்செங்கில்தான் கலந்திருந்தது என்று அவர்கள் சொன்னார்கள். உள்நாட்டுக் குழு அதைக் கருத்தில் கொண்டு ஒரு வருடத் தடை விதித்தது. லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் 2012ல் அதை இரண்டு வருடமாக்கியது. லண்டன் ஒலிம்பிக் போனது. யூரி ஒகோரோட்னிக் என்ற அந்த உக்ரைன் பயிற்சியாளர் வேலையை இழந்தார். வேலை போனதும் தடையும் ஒன்றல்ல. "ஊக்கமருந்தில் சிக்கியவர்" என்ற அடைமொழி அந்த ஆறு பெண்களின் பெயருக்கு முன்னால்தான் ஒட்டியது.

விதி அப்படி. உடம்பில் இருந்தால் உடம்புக்கு உரியவர்தான் பொறுப்பு. யார் கொடுத்தது, எப்படி வந்தது என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம், அதையும் அந்தப் பிள்ளைதான் நிரூபிக்க வேண்டும். திருச்சி பக்கம் முடிகண்டத்திலிருந்து வந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டரை 2:02.70ல் ஓடி ஆசியத் தங்கம் வாங்கியபோது நம் மாவட்டங்களில் எத்தனை அம்மாக்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதம் பாட்டியாலாவில் கொடுத்த மாதிரியிலும் தோஹா மாதிரியிலும் நான்ட்ரோலோன் இருப்பதாக வந்தது. தடைசெய்யப்பட்ட எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். நான்கு வருடத் தடை, தங்கமும் போனது. அவர் விஷயத்தில் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒன்று மட்டும் பார்த்தேன். தங்கம் வந்த அன்று எங்கள் பிள்ளை, எங்கள் பயிற்சி என்று சொல்ல அத்தனை பேர் வந்தார்கள். தடை வந்த அன்று அவர் தனியாக நின்றார்.

பயிற்சியாளரை எந்தச் சட்டமும் தொடாது என்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தப்பு. 2021 முதல் நடைமுறையில் இருக்கும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பில், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும், 18 வயதுக்குக் குறைந்து, பதிவு செய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் இல்லாமல், வயது வரம்பில்லாத சர்வதேசப் போட்டி எதிலும் இன்னும் ஓடாத பிள்ளைகளும் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள். பள்ளி, மாவட்ட, மாநில அளவில் நாம் தயார் செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இதற்குள்தான் வருவார்கள். இப்படி ஒரு பிள்ளை சிக்கினால் அதன் பயிற்சியாளரைப் பற்றித் தானாகவே விசாரணை தொடங்க வேண்டும். ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சிக்கினாலும் அப்படித்தான். ஸ்டீராய்டு போன்ற மருந்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது நிரூபணமானால் பயிற்சியாளருக்கு வாழ்நாள் தடை. 2025ல் இந்தியத் தடகள சம்மேளனம் எல்லாப் பயிற்சியாளர்களும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புப் பட்டியல் என்று சொல்லிவிட்டது. இந்த விதிகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் பயமுறுத்தி நிறுத்தவா இதை எழுதுகிறேன்? பயந்து நிறுத்துகிறவர் பயம் போனதும் தொடங்குவார்.

ஏன் இப்படி ஆனோம் என்று எனக்கும் தெரியும். ஒரு சர்டிஃபிகேட் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. ரயில்வே, போலீஸ், ராணுவம், கல்லூரி அட்மிஷன், தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். மூன்றாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் நடுவில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு, இந்தப் பக்கம் ஒரு தார்சு வீடு. இதைச் சொல்லித்தான் உங்களில் ஒருவர் ஒரு தடவை என் வாயை அடைத்தார். "மேடம், இந்தப் புள்ளைக்கு நான் வேலை வாங்கிக் கொடுத்திருக்கேன், நீங்க என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த வேலை யாருடையது என்று பாருங்கள். நான்காவதாக வந்த பிள்ளையின் அப்பாவும் கொத்தனார்தான். அவளும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஓடியவள்தான். அவளுக்கு ஊசி போடாத ஒரு பயிற்சியாளர் எங்கோ இருக்கிறார், தன் பயிற்சியில்தான் ஏதோ குறை என்று ராத்திரி தூங்காமல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

எல்லாரும் போடுகிறார்கள், நாம் போடாவிட்டால் நம் பிள்ளை தோற்கும் என்பது அடுத்த பேச்சு. எல்லாரும் போடவில்லை. நம் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ஓடிய 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு ரிலேயில் பஹ்ரைன் முதலிடம், நமக்கு வெள்ளி. பஹ்ரைன் ஓட்டக்காரி ஒருவர் ஊக்கமருந்துத் தடைக்கு உள்ளாகி, 2020ல் அந்தத் தங்கம் நமக்கு வந்தது. ஊரடங்குக் காலம். மேடை ஏறுவதோ, கொடி ஏறுவதைப் பார்ப்பதோ, தேசிய கீதம் கேட்பதோ எதுவும் இல்லை. நீளம் தாண்டும் அஞ்சு பாபி ஜார்ஜுக்கு இன்னும் மோசம், 2005ல் மொனாக்கோவில் தாண்டிய தாண்டலுக்கு உரிய தங்கம் 2014ல்தான் வந்தது, ரஷ்யாவின் தாத்யானா கோட்டோவாவின் பழைய மாதிரியைத் திரும்பச் சோதித்த பிறகு. எடுத்த மாதிரிகளைப் பத்து வருடம் வரை குளிரில் வைத்திருந்து, புதுக் கருவி வந்ததும் திரும்பச் சோதிக்கிறார்கள். இன்றைக்குத் தப்பித்தோம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஜகார்த்தா அணியில் ஓடிய பூவம்மாவுக்கே பிற்பாடு வேறொரு மருந்துக்காக இரண்டு வருடத் தடை வந்தது. மெத்தில்ஹெக்சனமைன், சப்ளிமென்ட் டப்பாக்களில் அடிக்கடி கலந்து வருகிற பொருள் அது. அதனால்தான் ஜிம்மில் யாரோ சொன்ன பவுடரைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

நான் கேட்பது இதுதான். பிள்ளைகளுக்கு நீங்கள் ஊசி போடாதீர்கள். எந்த ஊசியும் வேண்டாம், நிஜமான பி காம்ப்ளெக்ஸாக இருந்தாலும் வேண்டாம். நாம் மருத்துவர்கள் அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், இவள் தடகளப் போட்டிகளில் ஓடுகிறவள் என்று முதலிலேயே சொல்லி, எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளையின் வாய்க்குள் போகும் ஒவ்வொரு மாத்திரை, பவுடரின் பெயரையும் தேதியையும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். நோட்டு உங்களிடம் இருக்கக் கூடாது, அம்மாவிடம் இருக்க வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படிக்கத் தெரிந்த யாரிடமாவது என்றைக்காவது காட்டுவார்.

உங்கள் பிள்ளை சிக்கிவிட்டால் போனை அணைத்துவிட்டுப் போகாதீர்கள். விசாரணைக்குக் கூடப் போங்கள். கொடுத்தது நீங்கள் என்றால் சொல்லிவிடுங்கள். மருந்து எங்கிருந்து வந்தது என்ற உண்மையைச் சொல்லி விசாரணைக்கு உதவினால் தடையில் முக்கால் பங்கு வரை தள்ளிவைக்க விதியில் இடம் இருக்கிறது. இது பிள்ளைகளுக்குத் தெரியாது. சார் பெயரைச் சொல்லக் கூடாது என்று நினைத்து நான்கு வருடத்தையும் தாங்கிக்கொள்கிறார்கள். நம் மேல் வைத்திருக்கிற அந்த மரியாதைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு உண்மையைச் சொல்வதுதான்.

அப்புறம், டைமிங் திடீரென்று குதித்த பிள்ளையைப் பக்கத்து டிராக்கில் பார்த்தால் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். அந்த மீட்டில் அவள் தொண்டை கட்டியிருக்கிறது என்றபோது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா கொடுக்கிறாங்க, மாசம் தவறாம வருதா?" என்று இரண்டே கேள்வி கேட்டிருந்தால் போதும். அவள் சொல்லியிருப்பாள். என்னிடம் எதையும் மறைத்தவள் இல்லை.

தை மாதம் அவள் வந்தது என்னைப் பார்க்க மட்டும் இல்லை. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாதவிடாய் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். அங்கே மருத்துவர் கேட்டாராம், என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்று. அவளால் சொல்ல முடியவில்லை. "டீச்சர், சாருக்கு உங்களைத் தெரியும்ல, நீங்க கேட்டா சொல்வார்ல?" என்று கேட்கத்தான் வந்தாள். நான் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து போட்டேன். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

அவரும் இந்த மடலைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஐயா, உங்கள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் அந்த மருந்தின் பெயர், வாரத்துக்கு எத்தனை மில்லி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, இவ்வளவு மட்டும் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து வேண்டாம். என் வீட்டு முகவரி உங்களிடம் இருக்கிறது, அவளை உங்களிடம் அனுப்பிய அன்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியை